கடலடி மணிக்கூண்டுகள்

தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம், தாரிணி எழுந்து தொண்டையைச் செருமினாள். கோயம்புத்தூரிலிருந்து ஓக்லாந்துக்கு வந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிற பெண். இந்தக் கத்தோலிக்கக் கோவிலுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. ஃபாதரிடம் அனுமதி கேட்டு, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்திருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நாம டிவியில என்ன பாக்குறோம், நாம எப்படி யோசிக்கிறோம், இந்த ரெண்டுக்கும் என்ன தொடர்புன்னு ஆராய்ச்சி பண்றேன். நீங்க ரெண்டு வாரம் ஒரு டைரி எழுதணும். அப்புறம் ஒருநாள் காலையில ஒரு மணி நேரம் வினாத்தாள். உங்க பேர் எங்கயும் வராது."

சனம் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டது. வீட்டுக்குள் தாங்கள் என்ன பார்க்கிறோம் என்று வெளியில் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? அருளப்பு மட்டும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நல்ல விசயம் பிள்ளை. கண்ட கண்ட கூத்துகளைப் பார்த்துச் சனம் மூளையை மழுங்கடிச்சுக்கொண்டு கிடக்குது. நான் நியூஸும் டொக்குமென்ரறியும்தான். வேறொண்டும் பார்க்கிறேல்லை. என்ர பேரை முதல் எழுதும். இவவின்ர பேரையும் போடும்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி அன்ரனீற்றா கணவனை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து இன்னொரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள்.

அருளப்புவுக்கு ஐம்பத்தொன்பது வயது. மங்கரேயில் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. விமானத்தில் ஏற்றக்கூடாத பொருள் எதுவும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பத்திரங்களையும் பெட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர். கோவிலில் வாசகம் வாசிப்பதும் ஒன்றுகூடல்களில் வினாவிடைப் போட்டி நடத்துவதும் அவர்தான். யாருக்காவது எதிலாவது சந்தேகம் வந்தால் அருளப்பு அண்ணையிடம்தான் போவார்கள். அவரும் வந்தவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. தெரிந்ததற்கும் பதில் சொல்வார், தெரியாததற்கு இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்வார்.

ஆனால் உண்மை வேறு. அதற்குக் காரணம் போன குளிர்காலத்தில் மழையில் வழுக்கிய பின்கதவுப் படி. கணுக்கால் முறிந்து ஆறு வாரம் அவர் மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுச் சோபாவில் காலைத் தூக்கி வைத்தபடி கிடந்தார். முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்யும் அன்ரனீற்றாவுக்கு அப்போது மாலை வேலை. ஒருநாள் ரிமோட் சோபாவுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. எட்டி எடுக்க முடியவில்லை. ஏழரை மணிக்குத் திரையில் ஒரு தீவு வந்தது. ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், முன்பின் அறியாதவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, பேசி, சோடி சேர வேண்டும். கிழமைக்கு ஒருவர் சோடி கிடைக்காமல் படகேறி வெளியே போக வேண்டும்.

முதல் நாள் அருளப்புவுக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டாம் நாள், தான் அருவருத்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காகப் பார்த்தார். மூன்றாம் நாள் திரையைப் பார்த்து, "அவனை நம்பாதை பிள்ளை, அவன்ர வாய்தான் சிரிக்குது, கண் சிரிக்கேல்லை" என்று உரக்கச் சொன்னார். ஏழாம் வாரம் கட்டுப் பிரித்த காலோடு அதே சோபாவில், அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அவர் அறிந்தவரை இது தெரிந்த ஒரே ஆள் ஜிதேந்திரா. கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஃபிஜிக்காரன். அவனுடைய பூட்டனார் மதராஸ் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். தமிழ் அவனிடம் நாலு சொல்தான் மிச்சம், அந்த நாலும் கோவிலில் சொல்லக்கூடியவை அல்ல. ஆகவே இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். அவனும் அந்தத் தீவைப் பார்க்கிறவன், ஆனால் ஒளிக்காமல் பார்க்கிறவன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அருளப்பு அவன் காதோடு, இந்தக் கிழமை யார் படகேறுவார் என்று சொல்வார். போன பருவத்தில் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. இப்போது புதிய பருவம் தொடங்கி, மூன்றுக்கு மூன்று சரி.

தாரிணி கொடுத்த டைரியில் பதினான்கு பக்கம். நேரம், நிகழ்ச்சி, எவ்வளவு கவனம் என்று கோடு போட்ட கட்டங்கள். முதல் நாள் தீவு முடிந்ததும் அருளப்பு பேனாவைத் திறந்தார். சற்று யோசித்தார். பத்திரிகையில் அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, "பென்குயின்களின் குடும்ப வாழ்க்கை. கவனம்: முழுமையாக" என்று எழுதினார். மனச்சாட்சி இலேசாக உறுத்தியது. ஆனால் பென்குயின்களும் தீவில்தான் இருக்கின்றன, அவையும் சோடி தேடுகின்றன, ஆகவே இது முழுப் பொய்யாகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் ரோமாபுரி வாய்க்கால்கள். மூன்றாம் நாள் எரிமலைகள். நாலாம் நாளுக்குப் பிறகு உறுத்தலும் விட்டுவிட்டது. இரண்டு வாரத்தில் முப்பத்தொரு மணி நேர ஆவணப்படம் சேர்ந்தது. அன்ரனீற்றாவும் சாப்பாட்டு மேசையில் இருந்து தன் டைரியை எழுதினாள். அவள் என்ன எழுதுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. தனித்தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள்.

வினாத்தாள் ஒரு சனிக்கிழமை காலை, எல்லர்ஸ்லியில் தாரிணியின் ஆய்வுக் குழு வாடகைக்கு எடுத்திருந்த அறையில் நடந்தது. பதினைந்து பதினாறு பேர் வந்திருந்தார்கள். கோவிலில் பாடற்குழுவை நடத்துகிற சுலக்ஷன் அருளப்புவுக்கு முன் கதிரையில் இருந்தான், அன்ரனீற்றா பின் கதிரையில்.

முதல் பகுதியில் நாற்பது நிகழ்ச்சிகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கட்டம்: பார்த்திருக்கிறேன், கேள்விப்பட்டிருக்கிறேன், தெரியாது. மூன்றாவது கட்டத்தின் பக்கம் அருளப்புவின் பேனா போகவேயில்லை. 'கடலடி மணிக்கூண்டுகள்' என்று ஒன்று இருந்தது. பெயரே கம்பீரமாக இருந்ததால் அவர் 'பார்த்திருக்கிறேன்' என்று போட்டார். 'விரும்பினால் உங்கள் கருத்து' என்று பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். "இரண்டு பாகம். இரண்டாவது பாகம் சிறப்பு. பின்னணி இசை சற்று அதிகம்" என்று எழுதினார்.

இரண்டாம் பகுதியில் முப்பத்தாறு படங்கள். முகம் இல்லை, வெறும் கண்கள். இந்த ஆள் என்ன உணர்கிறார் என்று நாலு சொல்லில் ஒன்றைத் தெரிய வேண்டும். முன்னால் சுலக்ஷன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அருளப்புவோ பசித்தவனுக்கு இலை போட்டதுபோல் குனிந்தவர் நிமிரவில்லை. இவள் பயப்படுகிறாள். இவன் பொறாமையை மறைக்கிறான். பதினேழாம் படத்தில் ஒரு பெண், வெடிக்கப் போகும் சிரிப்பை அடக்குகிறாள். கடைசிப் படம் முடிந்தபோது இன்னும் பத்து இருந்தால் நல்லாயிருக்குமே என்று நினைத்தார்.

எழுதி முடித்து எல்லோரும் தேநீருக்கு எழுந்தார்கள். சுலக்ஷன் கோப்பையோடு வந்தான்.

"அண்ணை, உந்தக் கடலடி மணிக்கூண்டு எண்டு ஒண்டு வந்ததே, அதென்ன படம்?"

"அதோ? மத்தியதரைக் கடலுக்குள்ள தாண்டுபோன பட்டினங்களைப் பற்றினது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது. இப்பவும் அலை பலமா அடிச்சா கீழ மணி தானா அடிக்குமாம். சுழியோடிகள் கேட்டிருக்கினம்..."

பக்கத்தில் தாரிணி பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே அருளப்புவின் பார்வை தற்செயலாக அவள் முகத்தில் பட்டது. அவளுடைய உதடு ஒட்டியிருந்தது. கண் சற்று விரிந்து, உடனே தாழ்ந்தது. சந்தேகமே இல்லை, அதே பதினேழாம் படம். சிரிப்போடு கொஞ்சம் இரக்கமும் கலந்திருந்ததுதான் வித்தியாசம்.

அருளப்புவின் வாய்க்குள் சுழியோடிகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அன்ரனீற்றாதான் கார் ஓட்டினாள்.

"மணி அடிச்சதோ?" என்றாள்.

"எது?"

"கடலுக்கடியில."

அருளப்பு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "இஞ்சேருங்கோ, உப்பிடி ஒரு படம் நாங்கள் எப்ப பார்த்தனாங்கள்?" என்று அவள் மறுபடி கேட்டாள். அவர் போனை எடுத்துத் தேடினார். தமிழில் தேடினார், ஆங்கிலத்தில் தேடினார். ஏதோ ஒரு துறைமுகத்தின் மணிக்கூண்டு வந்தது. அதற்குக் கீழே, மீன்தொட்டிக்குள் அழகுக்கு வைக்கிற மணிக்கூண்டு விற்கும் ஒரு கடை வந்தது. வேறொன்றும் இல்லை.

"அப்பிடியொரு படமே இல்லை" என்றார் மெல்ல. "அந்தப் பிள்ளை வேணுமெண்டு போட்டிருக்குது."

அன்ரனீற்றா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல் காரை ஓரமாக ஒரு மூலைக்கடை வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இதையும் கேளுங்கோ. நான் என்ர டைரியில உள்ளதை உள்ளபடிதான் எழுதினனான்" என்றாள்.

"உள்ளதெண்டா?"

"ஏழரை தொடக்கம் எட்டரை, இவர் தீவு பார்த்தார், நான் குசினியில நிண்டு கேட்டனான். எட்டரைக்குப் பிறகு எனக்கு நித்திரை, என்ன ஓடினதெண்டு தெரியாது."

"உமக்குத் தீவு தெரியுமோ?"

"என்னப்பா கேக்கிறியள்? ரீவியின்ர சத்தத்தைக் குறைக்க உங்களுக்குத் தெரியும். நீங்கள் கத்துறதைக் குறைக்கத் தெரியாது."

அருளப்பு இருக்கையில் சாய்ந்துவிட்டார். ஒரே வீடு, ஒரே நாள், ஒரே மணி. ஒரு டைரியில் பென்குயின், மற்றதில் தீவு. இரண்டும் அந்தப் பிள்ளையின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் தேநீருக்கு நிற்காமல் வந்துவிட்டார். அது பதினோரு வருடத்தில் நடக்காத காரியம். திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் ஜிதேந்திராவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவன் சிரித்துச் சிரித்து ஒரு மரப்பலகை அடுக்கில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வந்த பிறகு அவன் சொன்னதுதான் குத்தியது.

"உனக்கு வெட்கம், சரி. அந்தப் பெண்ணை யோசித்துப் பார். டொக்குமென்ரறி பார்க்கிறவர்கள் எல்லாம் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவர்கள் என்று அவள் புத்தகத்தில் எழுதப்போகிறாள். உண்மையிலேயே பென்குயின் பார்க்கிற அப்பாவி ஒருவன் எங்கேயாவது இருப்பானே?"

அன்று பின்னேரம் அருளப்புவின் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. பத்திரத்தில் பருத்தி உடுப்பு என்றிருந்தது. திறந்தால் உள்ளே லிதியம் பற்றரி. இப்படி எத்தனை நூறு பெட்டிகளை அவர் திருப்பி அனுப்பியிருப்பார், அனுப்பியவர்களை எவ்வளவு திட்டியிருப்பார்! பத்திரத்தில் ஒன்றும் பெட்டிக்குள் ஒன்றுமாக இருந்தால் ஆகாயத்தில் நெருப்புப் பிடிக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்தவர். சிவப்பு ஒட்டியைப் பெட்டியில் ஒட்டும்போது அவருக்கே முகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியை எடுத்தார். பதினான்கு நாளையும் யோசித்து, அன்ரனீற்றாவிடமும் கேட்டுக் கேட்டு, உள்ளதை எழுதினார். பதினோரு நாள் தீவு. ஒருநாள் கிரிக்கெட். ஒருநாள் ஒன்றும் பார்க்கவில்லை. ஒருநாள் உண்மையிலேயே ஓர் ஆவணப்படம், ஆனால் பாதியில் நித்திரை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேரே எல்லர்ஸ்லி அறைக்குப் போனார். தாரிணி அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க அங்கிள். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கொப்பியை மேசையில் வைத்தார். "பிள்ளை, நான் தந்த டைரி பொய். இதுதான் சரி. அந்த மணிக்கூண்டும்... நான் பார்க்கேல்லை. ஒருத்தரும் பார்க்கேலாது எண்டு தேடிக் கண்டுபிடிச்சிட்டன்."

தாரிணி கொப்பியைத் திறந்து இரண்டு பக்கம் வாசித்தாள். அவள் தோள் தளர்ந்தது. பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

"அந்த லிஸ்ட்ல எட்டு நிகழ்ச்சியோட பேர் நான் கற்பனையா போட்டது அங்கிள். தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிறதும் ஒரு அறிவுக் குணம். அதை அளக்கத்தான். எல்லாரும் எழுதி முடிச்சப்புறம் சொல்லணும்னு இருந்தேன்."

"எட்டில எத்தினைக்கு நான் போட்டிருக்கிறன்?"

"எட்டுக்கும். நாலுக்கு விமர்சனமும் எழுதியிருக்கீங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நல்லா எழுதியிருந்தீங்க அங்கிள். படம் இருந்தா நானே பாத்திருப்பேன்."

அருளப்பு இப்போது உட்கார்ந்தார். "என்ர மனுசியின்ர டைரியைப் பார்த்ததும் என்ரதில சந்தேகம் வந்திருக்குமே?"

"ஒருத்தர் டைரியைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் பேசக்கூடாது" என்று தாரிணி முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள். ஆனால் கண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"ஒண்ணு சொல்றேன். கண்ணைப் பாத்துச் சொல்ற பகுதியில முப்பத்தாறுக்கு முப்பத்துநாலு எடுத்திருக்கீங்க. இதுவரைக்கும் நான் சோதிச்சதுல யாரும் அவ்வளவு எடுக்கல. பென்குயின் பாக்குறவருக்கு எப்படின்னு குழம்பிட்டே இருந்தேன்."

அருளப்புவின் முதுகு தானாக நிமிர்ந்தது. "அப்ப தீவு பார்த்தபடியாத்தான்!"

"அதைச் சொல்ல முடியாது அங்கிள். அதைப் பாத்ததால கண்ணைப் படிக்கப் பழகினீங்களா, இல்ல படிக்கத் தெரிஞ்சதால அது உங்களுக்குப் பிடிச்சுப்போச்சா? ரெண்டும் சேந்து இருக்குதுன்னு மட்டும்தான் இந்த ஆய்வு காட்டும். எது எதுக்குக் காரணம்னு காட்டாது."

அருளப்பு வாயைத் திறந்தார். ஒரு விளக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூளையின் எந்தப் பக்கம் எதைச் செய்யும் என்று எங்கேயோ அரைகுறையாகக் கேட்டது. தாரிணி ஆவலோடு காத்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை" என்றார். "தெரியாது."

சொன்ன பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லையே என்று அவருக்கே ஆச்சரியம்.

இரண்டு டைரிகளையும் வைத்துக்கொள்வதாகவும், என்ன நடந்தது என்று குறிப்பு எழுதி வழிகாட்டும் பேராசிரியரிடம் காட்டுவதாகவும் தாரிணி சொன்னாள். இன்னும் ஒரு குழு எழுத இருக்கிறது, அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அந்த ஒன்றரை வாரம் ஒரு விசயம் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததுதான் அருளப்புவின் வாழ்க்கையிலேயே பெரிய தவம். அன்ரனீற்றா அவர் வாய் அசையும்போதெல்லாம் ஒரு துண்டு கேக்கை நீட்டினாள்.

கடைசிக் குழுவும் எழுதி முடித்த அடுத்த ஞாயிறு, தாரிணி மண்டபத்துக்கு வந்தாள். நன்றி சொன்னாள். பிறகு எட்டுப் பெயர்களைப் பற்றியும் சொன்னாள். ஆளுக்காள் மற்றவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். சுலக்ஷனின் காது சிவந்திருந்தது.

அருளப்பு எழுந்தார்.

"எட்டுக்கும் நான் பார்த்தனான் எண்டுதான் போட்டனான்" என்றார். "கடலுக்கடியில மணி அடிச்சதெண்டு சுலக்ஷனுக்குச் சொன்னனான். ஒண்டும் அடிக்கேல்லை."

முதலில் சிரித்தது முன்வரிசையில் இருந்த வயதான ஆனந்தவல்லி அக்கா. "நான் அஞ்சு, தம்பி" என்றார். "நான் ஆறு" என்றான் சுலக்ஷன். பின்வரிசையிலிருந்து யாரோ, "நாலு!" என்று ஏலத்தில் கேட்பதுபோல் கத்தினார்கள். மண்டபமே குலுங்கியது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அருளப்புவுக்குத் துணிச்சல் வந்தது.

"இன்னுமொண்டு. நான் டொக்குமென்ரறி பார்க்கிறேல்லை. ஏழரைக்கு அந்தத் தீவு போகுதே, அதைத்தான் பார்க்கிறனான். ஒருநாளும் விடுறேல்லை."

சிரிப்பு நின்றது. தொலைந்தேன் என்று நினைத்தார். வாசகம் வாசிக்கிற ஆள், அரைகுறை உடுப்போடு திரிகிறவர்களைப் பார்க்கிறாராம் என்று கதைக்கப் போகிறார்கள்.

சுலக்ஷன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, அந்தக் காது குத்தின பெடியன், இந்தக் கிழமை படகேறுவானோ?"

"நீயும் பார்க்கிறனியோ?"

"நானும் மனுசி கஜானியும் பார்க்கிறனாங்கள். கதவைப் பூட்டிப்போட்டு."

"அவன் போகக்கூடாது, நல்ல பிள்ளை" என்று ஆனந்தவல்லி அக்கா அங்கிருந்தே சொன்னார். பிறகு ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை. நாலைந்து கதிரைகள் தரையில் உரசிக்கொண்டு வந்தன. யார் யாரை ஏமாற்றுகிறார்கள், முத்துமாலைக்காரி ஏன் அழுதாள், அது உண்மை அழுகையா என்று ஒரே நேரத்தில் ஏழு பேர் கதைத்தார்கள். தாரிணி கோப்பையோடு வந்து ஓரமாக இருந்தாள். "நோட் எடுக்கிறீரோ?" என்று சுலக்ஷன் கேட்டான். "இல்லைங்க, நான் மூணு எபிசோட் விட்டுட்டேன், கதை கேக்க வந்தேன்" என்றாள்.

அருளப்பு கையை உயர்த்தி அமைதி கேட்டார். "காது குத்தினவன் போறது உறுதி. அவன்ர கண்ணைப் பாருங்கோ, மனம் ஏற்கெனவே படகில ஏறியிட்டுது."

"போகமாட்டான்" என்றாள் அன்ரனீற்றா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனில்லை, அந்த உயரமான பெட்டைதான் போகப்போறாள். செவ்வாய்க்கிழமையில இருந்து அவள்ர குரல் மாறியிட்டுது. வசனம் முடியேக்க விழுகுது. வீட்டுக்குப் போக ஆசைப்படுற ஆக்களின்ர குரல் அப்பிடித்தான். நான் வேலை செய்யிற இடத்தில ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

அருளப்பு கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதை நான் கவனிக்கேல்லை" என்றார். "எங்க, முதலில இருந்து விளக்கமாச் சொல்லும், கேப்பம்."